ஓடிப்போனவர்களின் பட்டியல்

அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு இன்னும் வேகவில்லை. ருக்குமணி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். தோட்டத்துக் கங்காணி உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"ஆபீஸ்ல கைநாட்டு வைக்கச் சொல்றாங்க. இன்னிக்கே வை. இல்லாட்டி நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணணுமாம்."

"எதுக்குக் கைநாட்டு, கங்காணி?"

"ஒம் புருஷன் ஓடிப்போயிட்டான்னு."

ருக்குமணி எழுந்து நின்றாள். "ஓடிப்போனாரா? நீங்கதானே லோரியில ஏத்தினீங்க?"

கங்காணி அடுத்த வாசலுக்கு நடந்தார். அங்கேயும் அவர் அதையே சொல்வது கேட்டது.

கோலா தெர்லாவுக்கு மேலே, மலையின் ஒரு மடிப்பில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைத் துரை மலையிறங்கிப் போய்விட, ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரிய கிராணி வேலப்பனே தோட்டத்துக்கு எல்லாமும் ஆனார். பாதித் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கிழங்கு போட்டார்கள். அடுத்த ஆண்டு ஒரு நாள் காலை, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், வேலப்பன் பதினாலு பேர்களைப் படித்தார். சயாமில் ரயில் பாதை போடும் வேலை. மூன்றே மாதம். தோட்டமே அனுப்புகிறது, அதனால் வீடும், ஆளின் பங்கு அரிசியும் குடும்பத்துக்கு உண்டு என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ஆர்தர் ஒவ்வொருவருடைய நாக்கையும் பார்த்து 'உடம்பு நல்லது' என்று சீட்டு எழுதினார். ருக்குமணியின் கணவன் ராமையாவுக்கு அன்று காய்ச்சல். அவனுக்கும் அதே சீட்டுத்தான். கம்பளியை எடுத்துவர அவள் ஆட்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு ஓடித் திரும்புவதற்குள் லோரி வளைவைத் தாண்டிவிட்டது.

மூன்று மாதம் போய் ஒன்றேகால் வருஷமாயிற்று. ஒருவரும் திரும்பவில்லை. ஒரு வார்த்தையும் வரவில்லை.

வேலப்பன் குரலை உயர்த்துகிற மனிதர் அல்ல. ஆபீஸுக்கு வந்தவளை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, காகிதத்தை நிதானமாகப் படித்துக் காட்டினார்.

'என் கணவன் ராமையா தோட்டத்துக்குத் தெரிவிக்காமல் ஓடிப்போய்விட்டான். அவன் பொருட்டு எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.'

"ஐயா, லயமே பாத்துச்சு அவரை ஏத்தினதை."

"பாத்தவங்க யாராச்சும் வந்து சொல்லுவாங்களா? கேளு."

ருக்குமணி திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் மற்றப் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"தோட்டம் அனுப்புச்சுன்னா தோட்டம் அரிசி குடுக்கணும். அரிசி எங்க இருக்கு? ஓடிப்போனவனுக்கு யாரும் எதுவும் குடுக்க வேண்டாம். அவ்வளவுதான் விஷயம்."

"முடியாதுன்னு சொன்னா?"

"ஒம் பேரை வெட்டிருவேன். பேரு இல்லன்னா வேலை இல்ல. வேலை இல்லன்னா வீடு இல்ல."

"நான் என்ன தப்பு பண்ணினேன், ஐயா?"

"தப்பு பண்ணினாத்தான் நிறுத்தணுமா? தோட்டத்துக்கு வேணும்னா வைப்பாங்க. வேணாம்னா நிறுத்துவாங்க."

"முந்தியெல்லாம் ஒரு மாசம் முன்கூட்டிச் சொல்லணும்னு சட்டம் இருந்துச்சே. தொரை காலத்துல பலகையில எழுதித் தொங்கவிட்டிருந்தாங்களே."

வேலப்பன் மெல்லச் சிரித்தார். "அந்தச் சட்டத்தை எழுதினவங்க சிங்கப்பூர் ஜெயில்ல இருக்காங்க. போய்க் கேட்டுட்டு வாயேன்."

அவளுக்கு மகள் சாரதாவின் நினைவு வந்தது. ஆறு வயசு. காலெல்லாம் புண். போன மாதம் ருக்குமணி, பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தாள். வேறு தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டவள். மடியில் ஒரு குழந்தை. அடுத்த தடவை போனபோது குழந்தை இல்லை. அதற்கடுத்த தடவை அவளும் இல்லை.

ருக்குமணி கையை நீட்டினாள். வேலப்பனே அவள் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டினார்.

"அடுத்து, மணியம்மா" என்று கூப்பிட்டார். கருப்பையாவின் மனைவி மணியம்மா இரண்டு பிள்ளைகளையும் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனாள். பொழுது சாய்வதற்குள் பதினாலு பெண்களும் வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ராமையா வர ஆரம்பித்தான்.

முதலில் இருமல். காலையில் அடுப்பு மூட்டும்போது பக்கத்து அறையில் அவன் இருமுவது போலிருக்கும். பக்கத்து அறை காலி. அங்கிருந்த குடும்பம் போன வருஷம் காய்ச்சலில் முடிந்துபோயிருந்தது. பிறகு மலையில் தெரிந்தான். மஞ்சு இறங்கும் பின்னேரங்களில் தேயிலை வரிசையின் கடைசியில் முதுகைக் காட்டி நிற்பான். அவள் நிரை மாறிப் போனால் அங்கேயும் நிற்பான். ஒருபோதும் பேசமாட்டான்.

"ஒனக்கும் தெரியுதா?" என்று ஒரு நாள் மணியம்மா கேட்டாள். இருவரும் கூடையை இறக்கிவைத்திருந்தார்கள்.

"எது?"

"ஒண்ணுமில்ல, போலாம்" என்று மணியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள். சிறிது நேரம் கழித்து அவளே சொன்னாள். "எனக்கு அவரு போயிட்டாருன்னுதான் தோணுது, ருக்கு. ஆனா பொட்டை அழிக்க முடியுதா? அழிச்சா, செத்தான்னு ஒனக்கு யாரு சொன்னான்னு கேப்பாங்க. ஓடிப்போனான்னு நீதானே கைநாட்டு வெச்சேன்னு கேப்பாங்க. வாய்விட்டு அழக்கூட முடியல எனக்கு."

லயத்தில் எல்லோருக்கும் உண்மை தெரியும். ஆனாலும் ஒரு வருஷம் கேட்டால் காதுக்குப் பொய்யும் பழகிவிடுகிறது. ஆபீஸில் பேர் கூப்பிடும்போது "ஓடிப்போன ராமையா சம்சாரம்" என்றார்கள். லயத்திலும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் விளையாட்டில் சண்டை வந்தால் சாரதாவைப் பார்த்து, "ஓடிப்போனவன் மக" என்றார்கள். அவள் முதலில் அழுதாள். பிறகு அழவில்லை. ஒரு நாள் அப்பாவின் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து அடுப்புத் துணியோடு போட்டாள். ருக்குமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுத்துத் திரும்ப மாட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளையிடம் உண்மையைச் சொன்னால் பிள்ளை வெளியே சொல்லும். வெளியே சொன்னால் வீடு போகும்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பழைய துரை சிறையில் இறந்துவிட்டார் என்றார்கள். பட்டாளத்திலிருந்து நேரே வந்த, தமிழ் தெரியாத இளம் துரை ஒருவர் பங்களாவுக்குக் குடிவந்தார். அவருக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டியவர் பெரிய கிராணி வேலப்பன்.

துரை வந்து ஒரு மாதம் இருக்கும். பின்னேரம் மஞ்சு இறங்கியிருந்தது. நிரையின் கடைசியில் ராமையா நின்றான். ருக்குமணி நிமிர்ந்து பார்த்துவிட்டு, குனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டே இருந்தாள். பழகிப்போயிருந்தது.

"ருக்கு" என்றது அது.

அவள் கை நின்றது. அது ஒரு நாளும் பேசினதில்லை. ஒரு நாளும் முகத்தைக் காட்டினதில்லை. இப்போது முகம் தெரிந்தது. முகத்தில் எலும்புதான் இருந்தது. ஒரு காலில் சாக்குத்துணியால் கட்டுப் போட்டு, கம்பை ஊன்றி நின்றான். அவள் ஓடிப்போய் அவன் கையைத் தொட்டாள். கை சுட்டது, காய்ச்சலில்.

வீட்டில் சாரதா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. ராமையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சிரிக்கப் பார்த்தான்.

"அப்பாவை மறந்துட்டியா, புள்ள?"

கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டாள். "ஏன் எங்கள விட்டுட்டு ஓடிப்போனீங்க?"

ராமையா மனைவியைப் பார்த்தான். ருக்குமணி எல்லாவற்றையும் சொன்னாள், காகிதத்தில் இருந்த வார்த்தை உட்பட. அவன் காலின் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"புள்ளைக்கு வீடு வேணும்ல" என்றான் கடைசியில். "வெச்சது சரிதான்."

ஆனால் அவள் போட்ட கிழங்கை அவன் தொடவில்லை.

சேதி கேட்டு மணியம்மா வந்தாள். வாசலில் நின்று, "எங்க வீட்டு ஆளு?" என்று மட்டும் கேட்டாள்.

"வாந்திபேதி. என் பக்கத்துலதான் படுத்திருந்தாரு. மலையில மழையான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் ஆமான்னு சொன்னேன்" என்றான் ராமையா. "பதினாலு பேர்ல நான் ஒருத்தன்தான் மிச்சம், மணியம்மா."

மணியம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ராமையா கம்பை ஊன்றிப் பெரட்டுக்கு வந்து வரிசையில் நின்றான். எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடித்த வேலப்பன் புத்தகத்தை மூடினார்.

"ஐயா, என் பேரு?"

"ஒம் பேரு வெட்டியாச்சு. நீ ஓடிப்போனவன். ஒம் பொண்டாட்டி கைநாட்டு இருக்கு. ஓடினவனைத் திரும்ப எடுக்கறதில்ல."

பெரட்டைப் பார்க்க வந்து நின்ற துரை என்னவென்று கேட்டார். வேலப்பன் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அப்போது ருக்குமணி கூடையை இறக்கிவைத்துவிட்டு வரிசையை விட்டு முன்னால் வந்தாள். அத்தனை பேரும் பார்க்க, ஓரத்தில் நின்ற சாரதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"தொரை, எம் புருஷன் ஓடிப்போகல. இதோ இந்த இடத்துல நிக்க வெச்சு, பேரைப் படிச்சு, லோரியில ஏத்தினாங்க. ஓடிப்போனாருன்னு நான் வெச்ச கைநாட்டு பொய். வீட்டை விட்டுத் தொரத்துவேன்னு சொல்லித்தான் கிராணி வாங்கினாரு."

துரை வேலப்பனைப் பார்த்தார். வேலப்பன் அதை மூன்று வார்த்தைகளில் மொழிபெயர்த்தார். துரை தலையசைத்தார்.

"அவங்க அப்படிச் சொல்லல, கிராணி."

பேசியது டிரெஸர் ஆர்தர். இத்தனை காலமும் வாயைத் திறக்காதவர். அவர் முன்னால் வந்து, ருக்குமணி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். அத்தோடு நிற்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி இன்னும் ஏதோ சொன்னார். காய்ச்சல்காரனுக்குச் சீட்டு எழுதியதைத்தான் சொல்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் விளங்கியது.

துரை கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார். ராமையாவின் காலைப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசினார். ஆர்தர் அதைத் தமிழில் சொல்லும்போது குரல் தணிந்திருந்தது.

"நீ சொல்றது நெசமா இருக்கலாம்னு தொரை சொல்றாரு. ஆனா முந்தி நடந்ததுக்கு இந்தத் தோட்டம் பொறுப்பில்லையாம். ராமையா காலு வேலைக்கு ஆகாது. பொய்யாக் கைநாட்டு வெச்ச ஆளையும் தோட்டம் வெச்சிருக்க முடியாதாம்."

"அப்ப கைநாட்டு வாங்கினவரை?" என்றாள் ருக்குமணி.

ஆர்தர் அதைத் துரையிடம் கேட்டார். துரை தோளைக் குலுக்கினார். பெரிய கிராணி இல்லாமல் தோட்டத்தை நடத்த முடியாது.

"வைக்கிறதும் நிறுத்துறதும் தோட்டத்தோட இஷ்டம், காரணம் சொல்லணும்னு சட்டத்துல இல்லைன்னு சொல்றாரு, அம்மா. ஆனா இது ஜப்பான்காரன் காலம் இல்லையாம். ஒரு நாள்ல தொரத்தமாட்டாங்களாம். சட்டப்படி ஒரு மாசம் தர்றாராம்."

அன்று ஆபீஸில் அவள் கேட்ட அந்தச் சட்டம் கடைசியில் வந்துசேர்ந்துவிட்டது. ருக்குமணி சாரதாவைப் பார்த்தாள். சாரதா தாயின் கையை விட்டுவிட்டு, வரிசையில் தனியாக நின்ற தகப்பனிடம் போய், கம்பைப் பிடித்திருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் மணியம்மா வீடு வீடாகப் போய்வந்தாள். எந்த வீட்டிலும் உட்காரவில்லை.

அடுத்த நாள் பெரட்டில் வேலப்பன் முதல் பேரைக் கூப்பிடுவதற்குள் மணியம்மா முன்னால் வந்து நின்றாள். நெற்றியில் பொட்டு இல்லை. கண் வீங்கியிருந்தது.

"ஐயா, எம் புருஷன் கருப்பையா ஓடிப்போகல. தோட்டம் அனுப்பி வெச்சு அங்க செத்துப்போனாரு. நான் வெச்ச கைநாட்டு பொய். மாத்தி எழுதுங்க."

வேலப்பன் குரலைத் தாழ்த்தினார். "நேத்து அவளுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல? அவளுக்காச்சும் புருஷன் வந்துட்டான். ஒனக்கு எழுதி என்ன ஆகப்போவுது? ரெண்டு புள்ளைங்களை வெச்சிருக்க."

"அந்தப் புள்ளைங்களுக்குத்தான் எழுதச் சொல்றேன்."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கைநாட்டு வைத்தவர்களில் இரண்டு பேர் வரிசையை விட்டு வரவில்லை, முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். மற்ற எல்லோரும் வந்துவிட்டார்கள். பங்களாப் பாதையில் துரை இறங்கி வந்துகொண்டிருந்தார். வேலப்பன் அவரையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். விரித்த புத்தகத்தின் மேல் பேனா எழுதாமல் நின்றது.

"எழுதுங்க ஐயா" என்றாள் மணியம்மா. "அவசரமில்ல. சட்டப்படி ஒரு மாசம் நாங்க இங்கதானே நிப்போம்."