ஊதிப்போன ரப்பர்

எங்கள் கார் என்னைவிட மூத்தது. நிற்கிற இடமெல்லாம் எண்ணெய்க் கறை விடும். பவர் ஸ்டீயரிங் ஒழுகுகிறது. அப்பா தினமும் காலையில் மூடியைத் திறந்து ஆயில் ஊற்றுவார். சாயங்காலத்துக்குள் அது தரையில் கிடக்கும். எங்கள் குடும்பத்தில் எதையும் சரிசெய்யும் வழக்கமில்லை. ஊற்றிக்கொண்டே இருப்போம்.

திங்கட்கிழமை எனக்கு வேலை ஆரம்பம். ஊருக்கு வெளியே இருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில், பரிசோதனைக்கூடத்தில். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் ஓடினால்தான் வேலை. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்று என்னை வைத்து ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட தாய்மாமாவுக்கு, நான் தனியாக அவ்வளவு தூரம் கார் ஓட்டி வேலைக்குப் போவது மட்டும் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் காரை மெக்கானிக் அண்ணனின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மாமா கூப்பிடாமலே வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"வயசான வண்டி மச்சான். காயலான் கடைக்குத் தள்ளிவிடு. பொண்ணைப் பக்கத்துல எங்கயாவது வேலைக்குச் சேத்துடலாம்."

"உங்க முட்டிக்கும்தான் வயசாயிடுச்சு மாமா. தள்ளிடலாமா?" என்றேன்.

மெக்கானிக் அண்ணன் சிரிப்பை இருமலாக்கி மறைத்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். "ரப்பரெல்லாம் போச்சும்மா. ஒண்ண மாத்தினா இன்னொண்ணு ஒழுகும். வயசு அப்படி. வேஸ்ட்டு."

அப்பாவைப் பார்த்தேன். காலமெல்லாம் வேன் ஓட்டியவர், தரையைப் பார்த்துக்கொண்டு, "வித்துடலாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழற்றிப் போட்டிருந்த ரப்பர் சீல் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினேன். நனைந்த ரொட்டி போல அமுங்கியது.

"அண்ணே, இது வயசு இல்ல. வயசான ரப்பர் இறுகிப்போய் வெடிக்கும். இது ஊதியிருக்கு. வேற எதையோ ஊத்தியிருக்காங்க."

அவர் குனிந்து காரின் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவை மோந்தார். "அட ஆமா! பிரேக் ஆயில் வாடை!"

நேராகப் போய் டிக்கியைத் திறந்தேன். அப்பா எதையும் சில்லறையாக வாங்கிப் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பவர். பிரேக் ஆயில், ஸ்டீயரிங் ஆயில் எல்லாம் ஒரே மாதிரி பாட்டில். எதிலும் ஒரு எழுத்து இருக்காது. எது எதுவென்று தனக்குத் தெரியும் என்பார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"பாட்டில் மாறிப்போனத போன மாசம்தான் கவனிச்சேன்" என்றார். "அன்னையிலேருந்து சரியான ஆயிலத்தான் ஊத்துறேன். ஒழுகல் ஜாஸ்தியாச்சே ஒழிய நிக்கல. வண்டி ஓட்டிப் பொழச்சவன் இதப் போய் எப்படி வெளிய சொல்றது?"

"அந்த வெக்கத்துக்கு என் வேலையைச் சேத்து விப்பியா?"

மாமா வாயைத் திறந்தார். "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க மாமா" என்றேன். மூடிக்கொண்டார்.

மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்தார். "காரணம் தெரிஞ்சுட்டா கதையே வேற. மொத்தமா கழுவிட்டு, ஹோஸும் சீலும் புதுசா போட்டா நிக்கும். பம்ப்பு நல்லாத்தான் இருக்கு. என்ன சார், போடவா?"

அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். "அவளக் கேளு."

"போடுங்க" என்றேன்.

திங்கட்கிழமை காலை, காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. ஸ்டீயரிங் ஒற்றைக் கைக்குத் திரும்பியது. கிளம்பும்போது அப்பா ஜன்னல் வழியாக ஒரு ஜூஸ் பாட்டிலை நீட்டினார்.

"என்ன இது?"

"தண்ணி."

நான் வாங்கவில்லை. அப்பா முறைத்தார். பிறகு மூடியைத் திருகி, என் கண் முன்னாலேயே இரண்டு மடக்கு குடித்துக் காட்டினார்.

வாங்கிப் பக்கத்து சீட்டில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.