பஸ் நம்பர் இல்லாத திருத்தங்கள்

பிரகதீஸ்வரி திருச்சியில் வளர்ந்தவள். வல்லத்திராக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஆறு வருஷமாக ஒரு ஆப் நடத்துகிறாள். புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று சொல்கிற ஆப். ஓப்பன் சோர்ஸ், அதாவது தப்பு இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், அவள் பார்த்துச் சேர்த்துக்கொள்வாள். ஆனால் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை. புருஷன் சரவணக்குமாருக்குச் சென்னையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவான். இவளுக்கோ கம்பெனி வேலையும் வீட்டுக்குள்ளேயே. கூடச் சேர்ந்து செய்ய ஒரே ஒரு ஆள் வரவேண்டும், வராவிட்டால் மாதக் கடைசியோடு ஆப்பை இழுத்து மூடிவிடுவது என்று இருந்தாள்.

மூடுவதற்கு முன்னால் ஆப்பின் பழைய பதிவுகளைத் துழாவியபோதுதான் அந்தக் கூத்து தெரிந்தது. நாற்பத்து மூன்று திருத்தங்கள் வந்திருந்தன! அத்தனையையும் அவள் எழுதி வைத்த புரோகிராமே வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தது. திருத்தம் அனுப்பப் பதினேழு கட்டம் உள்ள ஃபாரம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தள்ளிவிடு, என்னிடம் சொல்லாதே என்று கட்டளை. எல்லோரும் காலியாக விட்டது ‘பஸ் நம்பர்’ கட்டத்தை. மினி பஸ்ஸுக்கு ஏதம்மா நம்பர்? ஓனர் பேரைச் சொல்லி, “ஆண்டிச்சாமி வண்டி போயிருச்சா?” என்றுதான் இந்தப் பக்கம் கேட்பார்கள். ஸ்கூட்டியிலேயே போய் வருகிற மகராசிக்கு அது எப்படித் தெரியும்?

பெலிக்ஸ் என்று ஒருவர் ஒன்பது தடவை அனுப்பியிருந்தார். கடைசியாக எழுதியிருந்தது இது: “ஆண்டிச்சாமி வண்டி இப்ப ஏழே முக்காலுக்கே வந்துருதுங்க. எத்தன தடவ அனுப்புறது? உள்ள ஆள் இருக்கீங்களா, இல்லியா?”

“இங்கதான இருந்தேன்,” என்று வாய்விட்டுச் சொன்னாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அன்றைக்கே அந்தப் புரோகிராமைத் தூக்கி எறிந்தாள். பதினேழு கட்டமும் போய் ஒரே கேள்வி நின்றது: என்ன மாறியிருக்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். பெலிக்ஸுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதி, கூடச் சேர்ந்து செய்ய வருகிறீர்களா என்றும் கேட்டாள்.

சாயங்காலம் பதில் வந்தது. “பரவால்லைங்க. நான் மஸ்கட் வந்து எட்டு மாசமாச்சு. அங்கிட்டு இப்ப வண்டி எப்ப வருதுன்னு எனக்கே தெரியாதுங்க. ஸ்டாப்புல நிக்கிறவங்கள ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க.”

மறுநாள் காலை ஏழரைக்கு ஸ்கூட்டியை எடுக்காமல் நடந்தே பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். பத்துப் பேர் நின்றார்கள். ஒருவர் பேரும் அவளுக்குத் தெரியாது. கூடையோடு நின்ற ஒரு அம்மாவிடம் கூச்சத்தோடு கேட்டாள்.

“ஆண்டிச்சாமி வண்டி எப்பங்க வரும்?”

“வார நேரந்தான்.” அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒன்னய இங்கிட்டுப் பாத்ததே இல்லையே. ஊருக்குப் புதுசா, ஆத்தா?”

ஆறு வருஷமாச்சு என்று சொல்ல வாயெடுத்தாள் பிரகதீஸ்வரி.

“ஆமாங்க,” என்றாள்.