எண்பது நரம்பு

ஊறவைத்த ஆட்டுக்குடலைச் சாம்பல் தண்ணீரிலிருந்து எடுத்துச் சிப்பி ஓட்டால் வழித்துக்கொண்டிருந்த அரிசாத், கணவன் சக்கூர் முற்றத்துக்குள் வந்ததும் கையை நிறுத்தினாள். மூன்று நாட்களாக அவள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்று நாட்களுக்கு முன் யூதாவின் ஆண்கள் எல்லாரும் எருசலேமுக்குத் திரண்டு, தேவாலயத்தின் முன்னால் கொட்டுகிற மழையில் உட்கார்ந்து, அந்நிய சாதிப் பெண்களைக் கட்டியவர்கள் அவர்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிடுவதென்று உரத்த குரலில் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் சக்கூரும் இருந்தான். நனைந்து நடுங்கியபடி அவனும் ஆமாம் என்றான். பாட்டுக்காரன் என்பதால் அவன் குரல் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது. அரிசாத் அஸ்தோத்துக்காரி. அவர்களுக்கு நான்கு வயதில் தீர்சா என்ற மகள் இருந்தாள். ஆட்டுக்குட்டியை அம்மாவின் மொழியில் கூப்பிடுவாள், அது வராவிட்டால் அப்பாவின் மொழியில் திட்டுவாள்.

"பெரியப்பா கூப்பிட்டு விட்டாரே, என்ன சொன்னாரு?" என்று அரிசாத் கேட்டாள்.

பெரியப்பா என்றது உசியேலை. ஆசாப்பின் வம்சத்துத் தேவாலயப் பாடகர்களுக்கெல்லாம் தலைவர் அவர், சக்கூரின் தகப்பனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அன்று காலை உலர்ந்த அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே அவர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். கோபப்படவில்லை. விசாரிக்கிற மூப்பர்களின் சுருளில் சக்கூரின் பெயரும் இருக்கிறது, முதல் மாதப் பிறப்புக்குள் மனைவியையும் பிள்ளையையும் அனுப்பிவிட்டால் பாடகர் வரிசையில் அவன் நிற்கலாம், இல்லையென்றால் தாவீது ராஜா காலத்திலிருந்து தகப்பன் பேரும் பிள்ளை பேருமாக எழுதிவந்த வம்ச அட்டவணையில் அவனோடு அந்தக் கிளை முடிந்தது, அதற்குப் பிறகு அவன் பாடகனும் இல்லை, தேவாலய ஊழியத்துக்குரிய லேவியனும் இல்லை. சக்கூர் தலையாட்டிவிட்டு எழுந்தான். வாசல் வரை போனவனை அவர் திரும்ப அழைத்தார். மாதப் பிறப்புக்கும் பஸ்காப் பண்டிகைக்கும் பத்து நரம்புச் சுரமண்டலங்கள் எட்டுக்கும் புது நரம்பு மாட்ட வேண்டும், அதற்குள் உன் பெண்டாட்டி முடித்துவிடுவாளா என்று கேட்டார். எருசலேமில் அவளைப் போல நரம்பு முறுக்க ஆள் கிடையாது.

"அவ கை படக்கூடாதுன்னுதான..." என்று சக்கூர் இழுத்தான்.

"குடல் நம்ம ஆட்டுக்குடல்தானப்பா. நல்லா அலசினாப் போச்சு" என்றார் உசியேல்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்றுதான் சக்கூர் யோசித்து வந்தான். பொய் சொல்லும் எண்ணம் அவனுக்கு இருக்கவில்லை. ஆனால் முழங்கை வரை தண்ணீர் சொட்ட அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவன் வாய் வேறொன்றைச் சொன்னது.

"எண்பது நரம்பு கேக்குறாரு. மாசப் பிறப்புக்குள்ள முடிச்சுக் குடுத்தா, நம்ம பேரச் சுருள்லேருந்து எடுத்துருவாங்க போல."

"அவரே சொன்னாரா?"

"சொன்னாரு."

அவள் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து முன்னைவிட வேகமாக வழிக்கத் தொடங்கினாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் வேலை செய்தாள். விடிந்ததும் நகரத்தின் ஆட்டு வாசலுக்குப் போய்க் கசாப்புக்காரர்களிடம் சூடு ஆறாத குடல்களை வாங்கி வருவாள். வழித்து, ஊறவைத்து, மறுபடி வழித்து, இழை இழையாகப் பிரித்து முறுக்கி, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துவாள். சாம்பல் தண்ணீர் பட்டுப் பட்டு விரல் இடுக்குகள் வெடித்தன. இரத்தம் நரம்பில் படக்கூடாதென்று துணி சுற்றிக்கொண்டு முறுக்கினாள். முடிந்தவற்றைச் சக்கூர் சுரமண்டலத்தில் மாட்டிச் சுருதி பார்ப்பான். ஒருமுறை ஒன்பது நரம்புகளைத் தடிமன் ஒரே சீராக இல்லை என்று திருப்பிக் கொடுத்தான். உண்மையிலேயே அவை சீராக இல்லை. அவள் அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்பது செய்தாள். நன்றிக்காக உசியேல் வீட்டுக்கு வாற்கோதுமை அடை சுட்டு அனுப்பினாள். தட்டு கழுவாமல் திரும்பி வந்தது. அதையும் அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தாம் மாதத்தில் எதிர்வீட்டு மோவாபியப் பெண்ணை அனுப்பினார்கள். கைப்பிள்ளையோடு அவள் தெருவில் நின்று அழுததை அரிசாத் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"பாவம். அவளுக்குக் கைத்தொழில் ஒண்ணும் தெரியாது" என்றாள்.

சக்கூர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயற்றங்கூழ் நன்றாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

பன்னிரண்டாம் மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது எண்பதாவது நரம்பும் உலர்ந்தது. அவள் பத்துப் பத்தாகச் சுருட்டிக் கூடையில் அடுக்கிக் கொடுத்தாள். சக்கூர் கூடையை உசியேலிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் ஒரு நரம்பை எடுத்துப் பல்லில் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அதற்குப் பிறகுதான் அவன் வீடு திரும்பி அவளிடம் சொன்னான். சுருளில் பெயர் இருக்கிறது, எடுக்க மாட்டார்கள், நாளை விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.

அரிசாத் சுவரோரம் உட்கார்ந்தாள். குழந்தை அவள் மடியில் ஏறி, விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"கூடையக் குடுத்துட்டு வந்துதான் சொல்றீங்க" என்றாள்.

அவன் குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தான்.

"அவர் அப்படிச் சொல்லவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப நீங்க ஏன் சொன்னீங்க?"

இந்தக் கேள்விக்கு அவன் மூன்று மாதமாகப் பதில் தயாராக வைத்திருந்தான். "அது வரைக்குமாவது நீ நிம்மதியா இருப்பியேன்னு..."

அரிசாத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அவன் பார்க்கட்டும் என்று அவள் காட்டவில்லை. அவளே அப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மறுநாள் வாயில்காவலன் அக்கூப் தன் கழுதையோடு வந்தான். அஸ்தோத்தில் அவளுடைய அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வருவதாகப் பேச்சு. இரண்டு மூட்டையும் தண்ணீர் நிறைத்த ஒரு தோல் துருத்தியும் ஏற்றியாகிவிட்டது. அவள் தீர்சாவைக் கழுதைமேல் உட்காரவைத்துத் தன் முந்தானையால் மூட்டையோடு சேர்த்துக் கட்டினாள். சக்கூர் பக்கத்தில் வந்து நின்றான். எதையாவது சொல்லத்தான் வந்தான். ஆனால் எட்டுச் சுரமண்டலங்களின் நரம்புகளையும் இனித் தான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் தலைக்குள் குடைந்துகொண்டிருந்தது. அவள் போய்விட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை.

"நரம்பு காஞ்சு போச்சுன்னா எதத் தடவணும்? எண்ணெயா?" என்று கேட்டான்.

கட்டிக்கொண்டிருந்த முடிச்சை விட்டுவிட்டு அவள் அவனைப் பார்த்தாள். அக்கூப் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எண்ணெய் ஆகாது, நைஞ்சு போயிடும். ஆட்டுக் கொழுப்ப விரல்ல தொட்டு லேசாத் தடவுங்க. துணியால வழிச்சு விட்டுடணும்" என்றாள். பிறகு முடிச்சை இறுக்கினாள்.

அவள் சொன்னது சரியாகவே இருந்தது. மாதப் பிறப்பன்று எண்பது நரம்புகளும் ஒன்றுபோல நின்றன. பலிபீடத்தில் திராட்சரசம் வார்க்கப்பட்டது, கைத்தாளம் ஒலித்தது, சக்கூர் வாயைத் திறக்க வேண்டிய நேரம் வந்தது. குரல் உடைந்துவிடும் என்று அவன் பயந்திருந்தான். உள்ளூர அது உடைய வேண்டும் என்றும் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தான். அப்படி நடந்தால் பிறகு தன்னைப் பற்றி நினைத்துக்கொள்ள ஏதாவது இருக்கும். குரல் உடையவில்லை. கர்த்தருடைய இரக்கத்தைப் பற்றிய அடி வந்தபோது அது முன்னெப்போதும் எட்டாத இடத்துக்கு ஏறி, அசையாமல் நின்று, சுத்தமாக இறங்கியது. பிராகாரத்தில் ஜனங்கள் முகங்குப்புற விழுந்தார்கள்.

படிகளில் இறங்கும்போது உசியேல் அவன் தோளில் கை வைத்தார். "இத்தனை வருஷம் உன் தொண்டையில என்னமோ அடைச்சுக்கிட்டு இருந்துச்சு தம்பி. இப்ப போயிருச்சு" என்றார். சக்கூருக்கு முதுகு முழுவதும் இதமாகச் சூடு பரவியது. வீடு வரும்வரை அந்தச் சூடு இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல், மாலைப் பலிக்குப் போவதற்காக அவன் வெள்ளை உடுப்பு உடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது, அக்கூப் தன் வீட்டு வாசலில் கழுதையின் சேணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழுதை உடம்பெல்லாம் சேறாகி, சேறு காய்ந்து வெடித்திருந்தது. சக்கூர் நின்றான். அக்கூப் நிமிராமலே பேசினான். அண்ணன்காரன் கதவைப் பாதிதான் திறந்தானாம். எட்டு வருஷம் யூதரின் தேவனைக் கும்பிட்டவள் தன் வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொல்லி, இரண்டு ரொட்டியை வெளியே வைத்துவிட்டுச் சாத்திக்கொண்டானாம். ஊருக்கு வெளியே உப்புக் காய்ச்சுகிறவர்கள் விட்டுப்போன கொட்டகை ஒன்று இருந்தது, அதில் கொண்டுபோய் விட்டேன் என்றான்.

"நான் என்ன பண்றது? எனக்கு இங்க வாசல் முறை இருக்கு."

"அங்க மழையா?" என்று சக்கூர் கேட்டான்.

"மழை இல்ல. காத்துதான், பயங்கரக் காத்து." அக்கூப் சேணத்தைச் சுவரில் சாய்த்தான். "உம் மக வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தா, அப்பா பின்னால வராரான்னு. வராருன்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல?"

மேலே தேவாலயத்திலிருந்து முதல் எக்காளம் கேட்டது. மூன்றாவது ஊதுவதற்குள் அவன் வரிசையில் நின்றாக வேண்டும். சக்கூர் நகரவில்லை. கழுதையின் கழுத்தில், பிடரி மயிருக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறிய உள்ளங்கை ஐந்து விரல்களோடு சேற்றில் அழுந்திப் பதிந்து காய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பாதி. அக்கூப் ஒரு கை வைக்கோலை முறுக்கி எடுத்து, வாலடியிலிருந்து கழுதையைத் தேய்க்க ஆரம்பித்தான். சேறு பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டாவது எக்காளம் கேட்டது. வைக்கோல் முதுகைத் தாண்டி மெல்ல முன்னால் வந்துகொண்டிருந்தது.