இனாமாகக் கிடைத்த மண்

எங்கள் ருபாத்தாப் ஜனங்களுக்கு வாய் நீளம் என்று சூடான் முழுக்கப் பேச்சு. என்னுடைய வாய் ஒரே ஒரு நாள் அடைத்துக்கொண்டது. அதற்கான தண்டனையை இன்னும் அனுபவிக்கிறேன்.

ஊருக்குத் தெற்கே, ஓடை நைலில் சேரும் இடத்தில் சாம்பல் நிற மண்மேடு ஒன்று இருந்தது. தெற்கு தனி நாடாகி எண்ணெய் வயல்களும் அதோடு போனபின் அரசாங்கத்துக்குத் தங்கப் பைத்தியம் பிடித்திருந்தது. வயல் பம்புக்கு டீசல் தராதவர்கள் தங்கம் பிரிக்கும் பாதரசத்தைச் சந்தையில் தாராளமாக விட்டார்கள். எங்கள் ஆண்கள் கடப்பாரையோடு பாலைவனத்துக்குப் போனார்கள். அவர்கள் தங்கம் எடுத்துக் கழித்த மண்ணை ஒரு கம்பெனி வாங்கி, சயனைடு ஊற்றி, மிச்சத் தங்கத்தையும் கறந்துவிட்டுச் சக்கையை அங்கே கொட்டியது. அதனடியில் தேங்கிய தண்ணீரைக் குடித்து என் ஆடுகள் இரண்டு செத்தன. நான் பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு வருஷம் மனு எழுதினேன், பதில் இல்லை. மேட்டுப் பக்கம் போனால் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கம்பெனியில் யாருக்குப் பங்கு என்று ஊருக்கே தெரியும்.

அந்த ஆகஸ்டில் நைல் கரையேறியது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து எனக்கு அப்போது மூன்றாம் மாதம். வெள்ளத்தைத் தடுக்கக் கரையில் மூட்டை அடுக்க மண் வேண்டும், ஆனால் யாரும் தன் வயலைத் தோண்ட விடவில்லை. அப்போதுதான் மேட்டைக் காத்த சிப்பாய்களின் கேப்டன் சிரித்துக்கொண்டே ஜீப்பில் வந்து இறங்கினார்.

"மேட்டுல எடுத்துக்கங்க. இனாம்."

"நீங்க நல்லா இருக்கணும் கேப்டன்!" என்றான் என் சித்தப்பா மகன் பாபிக்கர்.

"டேய், அது விஷம்டா! என் ஆடு செத்தது மறந்துபோச்சா?"

"பத்தூல் அக்கா, அதுங்க உன் நாக்குக்குப் பயந்து செத்திருக்கும். சரி, உன் வயலைக் குடு. இப்பவே வெட்டறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னையே பார்த்தார்கள். என் வயலில் ஆறு பேரீச்சைகளும் குலை தள்ளி நின்றன. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மண்ணை விரும்பிப் பெற்றுக்கொண்டதாக ஒரு நன்றிக் கடிதத்தைக் கேப்டன் நீட்டினார். எழுதத் தெரிந்தவள் என்று முதல் கையெழுத்தை என்னிடம் வாங்கினார்கள். அப்புறம் நானும் மூட்டை கட்டினேன். ஊர் பிழைத்தது.

பிப்ரவரியில் மகள் பிறந்தாள். அதற்குள் வெயிலில் மூட்டைகள் கிழிந்து, சாம்பல் மண் கரை நெடுகச் சரிந்திருந்தது. அவளுக்கு ஐந்து வாரம் ஆனபோது என் மனுவுக்குப் பதில் வந்தது. "குறிப்பிட்ட இடத்தில் மேடு எதுவும் இல்லை. ஊரார் விரும்பிப் பெற்ற கடிதம் இணைப்பு." இணைப்பில் என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

நாற்பதாம் நாள் பெண்கள் குலவையிட்டு என்னையும் குழந்தையையும் ஆற்றுக்கு அழைத்துப்போனார்கள். பிள்ளையின் முகத்தை நைலில் கழுவ வேண்டும். நாங்கள் எல்லோரும் அப்படிக் கழுவப்பட்டவர்கள்தான். கரையோரத் தண்ணீர் சாம்பல் கலங்கி நின்றது.

"என்னக்கா யோசனை? புள்ளை முகத்தை நனை," என்றாள் பாபிக்கர் மனைவி.

"மாட்டேன்."

"நனைக்காம திரும்பினா ஆகாதுக்கா!"

குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி என் முகத்தைக் கழுவிக்கொண்டேன். பிறகு கைகளை உடுப்பில் அழுத்தித் துடைத்து, மகளை வாங்கிக்கொண்டு நடந்தேன். அவள் முகம் காய்ந்தே இருந்தது. பின்னால் யாரும் குலவையிடவில்லை.