மக்டலின் கொடுத்த புள்ளிகள்

நிலாவெளி மக்டலினின் முகம் சதுரம் சதுரமாகப் போனது சென்ற பங்குனியில், ஒரு வெள்ளிக்கிழமை, திருகோணமலை நகரத்து முனீபின் ஸ்டூடியோவுக்குள் வைத்துத்தான். அன்று சந்தையில் சூரை மீன் மலிவு. வெயில் மண்டையைப் பிளந்தது. மின்வெட்டும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மக்டலினின் புருஷன் இராஜநாயகம் கரைவலை இழுத்தவர். சுனாமி வந்த காலையில் கடல் அவரையும் வீட்டு அலுமாரியையும் ஒரே இழுவையில் கொண்டுபோனது. கலியாண அல்பம் அந்த அலுமாரிக்குள் இருந்தது. சொந்தக்காரரின் வீடுகளும் அதே கரையில் இருந்தபடியால், அவருடைய முகம் ஒரு கடதாசித் துண்டில்கூட மிஞ்சவில்லை. அப்போது வயிற்றில் இருந்த நதீஷா, "அப்பா எப்பிடி இருப்பார்?" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தாள்; இருபது வயதில் பேசாலை ஊர் றொமேஷுக்குக் கலியாணமும் பேசியாயிற்று. "உன்னை மாதிரித்தான்" என்பதே தாயின் பதில். கண்ணாடியில் தெரிகிற முகத்திலிருந்து தன்னைக் கழித்துப் பார்த்தால் அப்பா வருவாரா என்று அந்தப் பிள்ளை பலமுறை முயன்றிருக்கிறது. பாவம், அவர் வரவேயில்லை.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்க, நதீஷா போனில் பழைய நிலாவெளிப் படங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் சுனாமிக்கு முந்திய வருடம் எடுத்து, தன் பயணப் பக்கத்தில் போட்டுவைத்த படம் ஒன்று அகப்பட்டது. நடுவில் கடற்கரையும் தென்னையும். ஓரத்தில் வலை இழுக்கும் ஆறேழு பேர். தாய் அதை வாங்கிப் பார்த்து, ஓர் ஆளின்மேல் விரலை வைத்தவள், வைத்த விரலோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "இந்தா... இவர்தானடி." நதீஷாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "விரலை எடுங்கோ அம்மா, மறைக்குது!" எடுத்த பிறகும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. முகம் ஒரு பயறளவுதான். பெருப்பித்தால் கரைந்துபோனது. கலியாணத்தன்று பிள்ளை தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகவேண்டும் என்று மக்டலின் அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள்.

முனீப் நல்ல மனிதன். படத்துக்குள் இருக்கிற புள்ளிகளின் விஷயத்தில் மட்டும் கோபக்காரன். "வட்ஸ்அப்பில அனுப்பினா இருக்கிற புள்ளியும் செத்துப்போயிரும் தங்கச்சி" என்று நதீஷாவை ஏசிவிட்டு, வெள்ளைக்காரரின் பக்கத்திலிருந்து மூலப்படத்தையே இறக்கினான். அதுவும் உதவவில்லை. நல்ல படம் அடிக்க ஓர் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வேண்டும். இராஜநாயகத்தின் முழு முகத்துக்கும் சேர்த்து இருபதுக்கு இருபதுதான் இருந்தது. "இழுத்தா சதுரம் சதுரமா உடைஞ்சிரும் அக்கா. இல்லாத புள்ளிய நான் எங்கால எடுக்கிற?" என்றான்.

"என்னட்ட இருக்கு தம்பி," என்றாள் மக்டலின். "இருவது வருசமா வைச்சிருக்கிறன். நீங்கள் அடியுங்கோ."

நதீஷா சட்டை தைக்கக் கொடுத்த கடைக்குப் போயிருந்தாள். மக்டலின் இரண்டு கைகளையும் படம் அடிக்கிற மெஷினின்மேல் வைத்தாள். முதல் தாளில் வெறும் சதுரங்கள் வந்தன. அடுத்ததில் புருவம் கூடியது. அதற்கடுத்ததில், நாடியில் தூண்டில் கிழித்த பழைய தழும்பு வந்தது. முனீப் வாயைப் பிளந்தபடி திரும்பினான். மக்டலினின் புருவம் இருந்த இடத்தில் நாலு மண்நிறச் சதுரங்கள். மூக்கோரத்து மச்சத்தைக் காணவில்லை. அல்லாஹ்வே என்று அவன் வயரைப் பிடுங்கப் பாய, அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நிப்பாட்டாதேங்கோ. கண் இன்னும் வரேல்ல."

கண்ணும் வந்தது. நதீஷா திரும்பி வந்தபோது தகப்பன் மேசையில் காய்ந்துகொண்டிருந்தார். அவளுடைய நெற்றி, அவளுடைய நாடி. ஆயுளில் முதல்தடவையாக ஒரு முகத்தைப் பார்த்து "அப்பா" என்று சொல்லி, ஓவென்று அழுதாள். அந்தச் சந்தோஷத்தைத் தாயிடம் சொல்லத் திரும்பியவள் அலறினாள். "என்னம்மா செய்துவைச்சிருக்கிறியள்! எனக்கு உங்கட முகம் வேணும்!"

"என்ர முகம் உனக்குப் பாத்து அலுத்திருக்கும். இவரை ஒருக்காப் பாரன்" என்றன சதுரங்கள்.

படத்தைக் கிழித்தால் இரண்டு முகமும் இல்லாமல் போகும் என்று முனீப் சொன்னதால்தான் நதீஷா அதைக் கிழிக்கவில்லை. ஒரு கிழமை தாயோடு கதைக்கவுமில்லை. ஊர் வழக்கம்போல ரெண்டு நாள் வாய்பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. பிறகு ஒருநாள் நாலு வளவு தள்ளிய கிணற்றடியிலிருந்து அயல்காரி பல்கீஸ் கத்தினாள்: "அக்கோவ்! அங்கனயே நில்லுங்க! இஞ்ச இருந்து பாத்தா முழுசாத் தெரியிறீங்க!" உண்மைதான். தள்ளிப் போகப்போகச் சதுரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. அடையாள அட்டை பார்க்கிற உத்தியோகத்தர் அவளை வாசல் கேற்றுக்கு அப்பால் அனுப்பிவிட்டுச் சரிபார்த்தார். வள்ளக்காரர்கள் கடலில் இருந்தே அவளுக்குக் கை காட்டினார்கள். ஒரே வீட்டில் இருந்த நதீஷாவுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. வீடு அவ்வளவு சின்னது.

கலியாணத்தன்று இராஜநாயகம் படமாக வீட்டு முன்கதிரையில் மெழுகுதிரிக்குப் பின்னால் இருந்தார். நதீஷா அவர்முன் முழந்தாளிட்டு எழும்பி, தாயின் சதுரங்களைக் கொஞ்சிவிட்டுத்தான் கோயிலுக்குப் போனாள். மறுநாள் மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றிக்கொண்டு பேசாலைக்கு வான் வெளிக்கிட்டது. வழியனுப்பும் தாய்மார் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடுவார்கள். மக்டலின் ஓடவில்லை. முகத்தை வானின் பின்கண்ணாடிக்குக் காட்டியபடி, கடற்கரைப் பக்கமாகப் பின்னுக்குப் பின்னுக்கு நடந்தாள்.

நதீஷா பின்சீற்றில் ஏறி முழந்தாளிட்டுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள். அவள் தேம்பியதைக் கேட்டு றொமேஷ், "நிப்பாட்டச் சொல்லட்டோ?" என்றான்.

"வேண்டாம். போகட்டும். இப்பதான் அம்மா தெரியிறா."

சந்தியில் வான் திரும்பும்போது மூக்கோரத்து மச்சம்கூடத் தெரிந்தது.