சத்தமில்லாத வீடு

…பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார் பயிற்சியாளர், இந்த நீள நடைவழியில் எங்கேயாவது போய் நில்லுங்க, அவரே தேடி வரட்டும் என்று, என்னைப் போய், வீட்டில் ரேடியோ என்று பெயர் வாங்கிய என்னைப் போய் வாயை மூடச் சொன்னால்… சரி, நின்றாயிற்று, திறந்த ஜன்னலை மறைத்துக்கொண்டு, அந்தக் கோடியில் என் வீட்டுக்காரர், கையில் புதிதாகக் கொடுத்த வெள்ளைக் கோல், அதைப் பிடித்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் இப்போதே வீசிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பார் போல, போட்டுவிடாதீங்க, தயவுசெய்து போட்டுவிடாதீங்க, விருப்பமில்லாதவரை இழுத்துவைத்துப் பழக்க முடியாதும்மா என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், இது போனால் பணிமனையும் போயிற்று, தனியாக வந்து தனியாகப் போக முடிந்தால் பழைய வேலை அப்படியே இருக்கிறது என்று முதலாளி சொல்லியிருக்கிறார், வண்டியின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்கிற மெக்கானிக் அவருக்கு வேறு எங்கே கிடைப்பார், ஆனால் இந்த மனிதர் பார்வை போனதிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்தால்தானே, கெஞ்சிக் கூத்தாடித்தான் இங்கே கூட்டி வந்திருக்கிறேன்.

இந்த இடத்தைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு இருக்கிறதே… மருத்துவமனையில் பார்வை இல்லை என்று சான்றிதழைக் கொடுத்ததோடு சரி, அடுத்து எங்கே போவது என்றால் அலுவலகம் போங்க, எந்த அலுவலகம் என்றால் அங்கே போய்க் கேளுங்க, அங்கே போனால் அதிகாரி விடுப்பு, ஒரு இடத்தில் நான் போட்ட சண்டையில் வரிசையில் நின்றவர்களே பயந்து வழிவிட்டார்கள், கடைசியில் நலத்துறை ஜன்னலில் இருந்த பெண் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள், பயிற்சிக்குப் பேர் கொடுத்தாச்சா அக்கா, என்ன பயிற்சி என்றேன், கோல் பிடிச்சு நடக்க, பஸ் ஏற, அரசாங்கமே இலவசமா நடத்துதே, நூலகத்துக்குப் பின்னாடி, யாருமே சொல்லலையா… நூலகத்துக்குப் பின்னாடியாம்! நான் தினமும் வேலைக்குப் போகிற வழி, வரி கட்டுகிற இடமோ என்னவோ என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை, உள்ளே வந்தால் பார்வையில்லாத ஒரு பெண் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வருகிறாள், இன்னொருவர் கோப்பையில் வெந்நீர் ஊற்றுகிறார், நிரம்புகிற சத்தத்தைக் கேட்டே விளிம்புக்குக் கீழே நிறுத்துகிறார், ஒரு சொட்டு சிந்தவில்லை, அம்மாடி, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி, வீட்டில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று பயிற்சியாளர் கேட்டார், நானும் பெருமையாகச் சொன்னேன், ஒரு சத்தமும் கிடையாது சார், அவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று சுவர்க் கடிகாரத்தின் பாட்டரியைக் கழற்றிவிட்டேன், கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் விட்டேன், மகளைப் பாடாதே என்று அதட்டி அடக்கினேன், நானும் வாயைக் கட்டிக்கொண்டேன், இதைவிட ஒருத்தி என்னதான் செய்வாள்… அவர் திட்டவில்லை, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

“கடிகாரம் ஓடினா சுவர் எந்தப் பக்கம்னு தெரியும்மா. கதவு சத்தம் போட்டா யாரோ வர்றாங்கன்னு தெரியும். எல்லாத்தையும் நிறுத்திட்டா அவர் எதைப் பார்ப்பார்?”

பாவி, நானே ஒவ்வொன்றாக அணைத்திருக்கிறேனே… அதோ, நாக்கைத் தட்டுகிறார், டொக், காலையில் சொல்லிக்கொடுத்தது, சத்தம் சுவரில் பட்டுத் திரும்புமாம், கேட்கக் கேட்கப் பழகுமாம், டொக், ஒரு அடி, நின்றுவிட்டார், இஞ்சினைக் கேட்கும்போது தலையைச் சாய்ப்பாரே, அதே சாய்ப்பு, எவ்வளவு காலமாயிற்று அதைப் பார்த்து, டொக், டொக், திறந்திருக்கிற அறைக்கு நேராக வந்ததும் கையை நீட்டி, இங்க காலியா இருக்கு என்கிறார், இருக்கிறது, நிஜமாகவே காலியாக இருக்கிறது, ஒன்றுமில்லாத இடத்தை இந்த மனிதர் பார்க்கிறார், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தவருக்குள்ளே இவ்வளவும் இருந்ததா, கூடவே படுத்து எழுந்த எனக்குத் தெரியாமல் போயிற்றா, வருகிறார், தண்ணீர்க் குழாய் சொட்டுகிற இடத்தைத் தாண்டிவிட்டார், கை எட்டுகிற தூரம், நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

“ரேடியோ” என்கிறார்.

எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்று பயிற்சியாளர் அந்தக் கோடியிலிருந்து கேட்கிறார், இவர் கோலை ஊன்றிக்கொண்டு, ஏதோ வண்டிக்கோளாறை விளக்குகிற மாதிரி அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார், ஜன்னல் வழியா வர்ற தெருச் சத்தம் இங்க அடைபடுது, வீட்லயும் இவ வாசக்கதவுல நின்னா இப்படித்தான் அடைபடும் என்று. பிறகு என் பக்கமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தினமும் வந்து நிப்பே. ஒண்ணும் பேசாமப் போயிடுவே.”

தெரியுமா… வாயில் துண்டை அழுத்திக்கொண்டு அங்கே நின்று அழுதேனே, அதெல்லாம் தெரியுமா, தெரிந்தும் பேசாமலா உட்கார்ந்திருந்தார், அழுது தீர்க்கட்டும் என்று விட்டாரா, நானாக வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாரா, நான் இவருக்காகப் பேசாமல், இவர் எனக்காகப் பேசாமல், ஒரே வீட்டில்… கேட்க வேண்டும், இனி பேசலாம்மா என்று பயிற்சியாளரும் சொல்லிவிட்டார், ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது, முதலில் நான் இங்கேதான் இருக்கிறேன் என்கிற மாதிரி செருப்பைத் தரையில் ஒருமுறை உரசுகிறேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்கிறார்.