கிணற்றின் மூன்றாவது கல்

வீட்டில் அவளுக்கு டைரி என்று பெயர். தம்பி வைத்தது. யாருக்கு எந்தத் தேதியில் கல்யாணம் ஆனது, எந்த விருந்தில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, பழைய வீட்டுத் தொலைபேசி எண் என்ன என்று எதைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடுவாள். பெரிய மருத்துவமனை ஒன்றின் மருந்துப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை. எந்த மருந்து எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டி எடுப்பாள். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும் நாட்களில் வார்டு நர்ஸுகள் அவளைத்தான் தேடி வருவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் மறதி வர ஆரம்பித்தது.

முதலில் கம்ப்யூட்டரின் கடவுச்சொல் மறந்தது. அது யாருக்கும் வருவதுதான் என்று விட்டுவிட்டாள். பிறகு புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணை, போன வருடம் வேலையை விட்டுப் போனவளின் பெயர் சொல்லி ஒரே வாரத்தில் மூன்று தடவை கூப்பிட்டாள். அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்தது. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தைகள் வார்டுக்குப் போக வேண்டிய பாட்டிலை இதய நோயாளிகளுக்கான தட்டில் வைத்துவிட்டாள். அந்தப் புதுப் பெண்தான் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். "அக்கா, இது இங்க இல்லல்ல?" என்று மெதுவாக, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டாள். யாருக்கும் எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. ஆனாலும் அவள் சரக்கு அறைக்குள் போய் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

அவ்வளவு பயப்படக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மாவுக்கும் இப்படிப் பெயர்களில்தான் ஆரம்பித்தது. கடைசி நான்கு வருடமும் அம்மா இவள் வீட்டில்தான் இருந்தாள். ஒரு மத்தியானம் இவள் வேலை முடிந்து வந்தபோது, அம்மா ஹாலின் வெறும் சுவரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தாள். "இங்கதான இருந்துச்சு சமையல்கட்டுக் கதவு, யாருடி எடுத்தா?" என்று கேட்டாள். இருபது வருடத்துக்கு முன்னால் காலி செய்துவிட்டு வந்த வீட்டின் கதவு அது. அம்மா போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்தக் கைகள் மட்டும் இவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிவிட்டு வருகிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டாள். மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்கிற பேச்சுக்கே இடமில்லை. மருத்துவமனையில் கிடந்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் மூளைக்கு வேலை கொடுங்கள் என்று போட்டிருந்ததைப் பார்த்து, ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்கி வந்தாள். ஒவ்வொரு வெற்றுக் கட்டமும் அவளைக் கேலி செய்வது போல இருந்தது. நாலாவது நாள் அதைப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டாள்.

உப்புக் கோட்டை விளையாட்டு அவள் கண்ணில் பட்டது தற்செயலாகத்தான். புது டிவியில் எதையோ தேடும்போது கை தவறி விளையாட்டுகள் இருக்கும் பக்கத்துக்குப் போய்விட்டது. வரிசையாகப் பளபளவென்று படங்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு சின்னச் சிவப்புக் குல்லாக்காரன், கையில் லாந்தர். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினேழு வயதில் அவளும் பதின்மூன்று வயதுத் தம்பியும் பழியாகக் கிடந்து ஆடிய விளையாட்டு அது. சித்தப்பா வெளியூரிலிருந்து வாங்கி வந்த வீடியோ கேம் கேசட். இருபது ஸ்டேஜில் பதினெட்டு வரைக்கும் போயிருந்தார்கள். அதற்குள் அவளுக்குப் பரீட்சை வந்தது. அப்பா பெட்டியோடு தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார்.

மகள் விட்டுவிட்டுப் போன கன்ட்ரோலரை அலமாரியிலிருந்து தேடி எடுத்துத் தூசி தட்டி உட்கார்ந்தாள். அந்த நேரம் கணவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த கோட்டையையும், ஒரே ஒரு புள்ளியை மூக்காக வைத்திருந்த மனிதனையும் பார்த்துவிட்டு, டிவி கெட்டுப்போய்விட்டதா என்று கவலையோடு கேட்டார்.

கெட்டுப்போகவில்லை என்பது அவள் விரலுக்குத் தெரிந்தது. மூன்றாவது ஸ்டேஜில் வௌவால் தலைக்கு மேல் போனதும் இரண்டு எண்ணிவிட்டுக் குதிக்க வேண்டும். அவள் நினைப்பதற்கு முன்பே கட்டை விரல் குதித்துவிட்டது. உப்புச் சுவரில் தண்ணீர் பட்டால் கரையும், ஆனால் லாந்தரில் பட்டால் ஆட்டம் குளோஸ். ஏழாவது ஸ்டேஜ் ஏணி பாதியில் ஏமாற்றும். எல்லாம் அப்படி அப்படியே இருந்தது. நேற்றுச் சாயங்காலம் பாதியில் எழுந்து போனவள் திரும்பி வந்தது மாதிரி அந்தக் குல்லாக்காரன் நின்றுகொண்டிருந்தான்.

அதில் இன்னொரு சுகமும் இருந்தது. முப்பத்தைந்து வருடம் பழைய ஆட்டத்தில் யாரும் யாரையும் முந்தப் போவதில்லை. முடிக்க வேண்டியவர்கள் எல்லாம் முடித்துவிட்டு எப்போதோ போய்விட்டார்கள். இன்னுமா முடிக்கவில்லை என்று கேட்க ஆள் இல்லை. நாளைக்கு வந்தால் பரிசு என்று ஆசை காட்டுவதில்லை, நடுவில் விளம்பரம் இல்லை. அந்தக் காலத்தில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆட வேண்டும். இப்போது விட்ட இடத்தில் தொடரலாம். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆடினாள். ஐந்து நாளில் பதினாலு ஸ்டேஜ் முடிந்தது. வேலையிலும் ஒரு தவறு இல்லை. வெகு நாளைக்குப் பிறகு, மீன் கழுவிக்கொண்டே வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தாள்.

பதினைந்தாவது ஸ்டேஜில் கிணறு வந்தது.

கிணற்றுக்குள் கயிற்றைப் பிடித்து இறங்கி, இடது பக்கம் மேலிருந்து மூன்றாவது கல்லைத் தள்ள வேண்டும். கல் உள்ளே போகும், வாளி இறங்கும், பின்னால் ஒரு கதவு திறக்கும். அது அவளே கண்டுபிடித்தது. ஒரு வாரம் மாட்டிக்கொண்டு தவித்த பிறகு கிடைத்த வழி. கல்லின் நிறம்கூட ஞாபகம் இருந்தது, மற்றவற்றைவிடக் கொஞ்சம் மஞ்சள்.

இறங்கினாள். தள்ளினாள். கல் அசையவில்லை.

நாலாவது கல்லைத் தள்ளிப் பார்த்தாள், இரண்டாவதை, வலது பக்கத்தை. மஞ்சள் கல் என்று எதுவுமே இல்லை. அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் வந்தாள். மூன்று சாயங்காலம் அந்தக் குல்லாக்காரன் கிணற்றுச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தான். மூன்றாவது நாள்தான் அவளுக்கு அது உறைத்தது. இல்லாத கதவைச் சுவரில் தேடிக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் இரண்டு கைகளும் கண் முன்னால் வந்தன. டிவியை அணைத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் காலையில், தான் வேலை பார்க்கும் இடத்தில் வேண்டாம் என்று வேறொரு மருத்துவமனையில் நரம்பியல் டாக்டரிடம் நேரம் வாங்கினாள். பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது.

அந்தப் பத்து நாளைத் தனியாகத் தள்ள முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் இன்னொரு ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண்ணாடி போடாதவர்களையும் பேசியே போட வைத்துவிடுவான். பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசிவிட்டு, போகிற போக்கில் கேட்பது போல உப்புக் கோட்டையை எடுத்தாள். விடையைத் தான் சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள்.

"பதினஞ்சாவது ஸ்டேஜ்ல கிணறு வருமே, அங்க என்ன பண்ணுவோம், ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? இடது பக்கம் மேலேர்ந்து மூணாவது கல்லு. மஞ்சளா இருக்கும். நீதான கண்டுபிடிச்ச. ஒரு வாரம் அந்தப் பெருமையைத் தாங்க முடியல வீட்ல."

அவள் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், அந்தக் கல் இப்போது அங்கே இல்லை என்று.

தம்பி, "அப்ப ரெண்டு பேருக்குமாக்கா?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவனுக்கும் அதே பயம் இருந்திருக்கிறது. அம்மா போனதிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து பார்க்கிறானாம். தினமும் பல் தேய்க்கும்போது, தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பானாம். ஒன்று விட்டுப்போனால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடாதாம். பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அவளும் மருந்து பாட்டில் கதையைச் சொன்னாள், பெயர் மாற்றிக் கூப்பிட்டதைச் சொன்னாள், டாக்டரிடம் நேரம் வாங்கியதைச் சொன்னாள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்தார்கள். பேசி முடித்தபோது போன் கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டரிடம் போகிற அன்றைக்கு நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

"அக்கா, ஸ்பீக்கர்ல போடு. ஒருத்தர் எழுதி வச்சிருக்கார், படிக்கிறேன் கேளு."

எங்கேயோ இருக்கிற யாரோ ஒருவர், உப்புக் கோட்டையைப் பற்றி மட்டும் இருபது வருடமாக ஒரு இணையப் பக்கம் நடத்திக்கொண்டிருந்தார். அதில் முதல் கேசட்டுக்கும் பிறகு வந்தவற்றுக்கும் உள்ள வித்தியாசங்களை ஒன்று விடாமல் எழுதியிருந்தார். முதல் கேசட்டில் கிணற்றுக் கதவுக்குள் போனவர்கள் சில சமயம் திரும்ப வர முடியாமல் மாட்டிக்கொண்டார்களாம். அதனால் அடுத்த வருடமே விளையாட்டைச் செய்தவர்கள் அந்தக் கல்லை எடுத்துவிட்டு, வழியைச் சூளை அறைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது டிவியில் கிடைப்பது மாற்றிய பதிப்பு. இதைப் படித்துவிட்டு, கீழே இருந்த வரியை நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை படித்தான்.

"கிணற்றில் மஞ்சள் கல்லைத் தேடுகிறவர்களுக்கு: உங்கள் ஞாபகம் சரிதான். கல்லைத்தான் எடுத்துவிட்டார்கள்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்த கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரிடம் அப்போதுதான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா கிணத்துக்குள்ளயே நின்னுட்டு இருந்தியேம்மா, நான் அந்த இடம் உனக்குப் பிடிச்சிருக்கு போலன்னு நினைச்சேன்" என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

கல் அசையாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பாட்டில் இடம் மாறியதற்குக் கிடைக்கவில்லையே என்று டாக்டரிடம் போனாள். தம்பி சொன்னபடி வந்து நின்றான். கணவரும் விடுப்பு எடுத்துக்கொண்டார். இரண்டு காவலர்களுக்கு நடுவில் கைதி மாதிரி அவள் போனாள். டாக்டர் ஐந்து வார்த்தை சொல்லிப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. நினைவுச் சோதனைகளில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தைராய்டு நன்றாகக் குறைந்திருந்தது. நாலு வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் கெட்டுப்போன தூக்கமும் இன்னும் சரியாகவில்லை. இரண்டும் சேர்ந்தால் யாருக்கும் மறதி வரும் என்றார் டாக்டர். வாழ்நாள் முழுக்க எதுவும் வராது என்று எழுதிக் கொடுக்க முடியாது, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று நேராகச் சொன்னார். சீட்டில் எழுதிய மாத்திரையைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தினமும் நூறு பேருக்குத் தன் கையால் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை. தன் உடம்பைத் தவிர ஊர் உடம்பையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

மாத்திரை வேலை செய்ய ஒன்றரை மாதம் பிடித்தது. அதற்குள் அவள் புதுப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, ஒவ்வொரு தட்டையும் இருவரும் மாற்றி மாற்றிச் சரிபார்ப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

உப்புக் கோட்டையைத் தனியாக முடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தம்பி ஒரு சனிக்கிழமை வந்து தங்கினான். சூளை அறையைக் கண்டுபிடித்தது அவன். அதற்குப் பிறகு அவனிடம் இரண்டு மணி நேரத்துக்கு வாய் கொடுக்க முடியவில்லை. கணவர் ஒரு தடவை ஆடிப் பார்க்கிறேன் என்று வாங்கி, முதல் ஸ்டேஜிலேயே ஒரே வௌவாலிடம் பதினோரு தடவை செத்தார். லிஃப்டில் இப்படியெல்லாம் வராது என்று சொல்லிவிட்டுக் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருபதாவது ஸ்டேஜ் முடிந்தது. திரையில் மழை பெய்து கோட்டை முழுக்கக் கரைந்து போனது. குல்லாக்காரன் லாந்தரை ஊதி அணைத்துவிட்டு, விடிந்திருந்த கடற்கரையில் நடந்து போனான். அவ்வளவுதான் முடிவு. இதற்காகவா என்று தம்பி கேட்டான், ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் மேலே ஏறின, மொத்தமே ஒன்பது பேர். அவள் ஒன்பது பெயரையும் படித்தாள்.

தேநீர் குடித்துவிட்டு வந்து மூவரும் திரும்ப டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். மகளை வளர்த்த வருடங்கள், அம்மாவோடு போன வருடங்கள், அப்போதெல்லாம் வெளிவந்து இவள் எட்டிக்கூடப் பார்க்காத விளையாட்டுகள் பக்கம் பக்கமாக இருந்தன. எதுவும் எங்கேயும் போய்விடவில்லை. கார் ஓட்டுகிற மாதிரி ஏதாவது இருந்தால் தனக்கும் வரும் என்றார் கணவர். இருபத்திரண்டு வருடப் பழசில் ஒன்று இருந்தது. அதைப் போட்டாள். முதல் வளைவிலேயே அவர் காரை ஆற்றுக்குள் விட்டார்.